மாடர்ன் டான்ஸும் கன்டெம்பரரி டான்ஸும் எங்கே பிரிகின்றன?

கேள்வி இதுதான்: "மாடர்ன் டான்ஸ், கன்டெம்பரரி டான்ஸ் இரண்டும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. இரண்டிலும் வெறுங்காலோடு ஆடுகிறார்கள், இரண்டிலும் தரையில் விழுந்து புரள்கிறார்கள். அகராதியைப் பார்த்தால் இரண்டு சொல்லுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள். அப்புறம் எதற்கு இரண்டு பெயர்? வகுப்பில் சேர நினைக்கிறேன், எதில் சேர்வது?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாடர்ன் டான்ஸ் என்பது முடிந்துபோன ஒரு காலகட்டத்தின் பெயர். ஏறக்குறைய 1900இல் தொடங்கி 1960 வாக்கில் முடிகிற காலம். அதை உருவாக்கியவர்கள் யார் என்று பெயர் சொல்லிக் காட்டலாம். அவர்கள் விட்டுப்போன பயிற்சி முறைகள் இன்றும் அவரவர் பெயரிலேயே கற்பிக்கப்படுகின்றன. கன்டெம்பரரி டான்ஸ் அதற்குப் பிறகு வந்தது, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கென்று ஒரே ஒரு முறை கிடையாது, ஒரு குருவும் கிடையாது.

பெயரில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது. புதுக்கவிதையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயர் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பெயரில் 'புது' இருக்கிறது என்பதற்காக இன்று காலை ஒருவர் எழுதும் கவிதைக்கு மட்டுமே அது பொருந்தும் என்று யாரும் சொல்வதில்லை. மரபின் யாப்பை உதறிவிட்டு எழுந்த ஓர் அலையின் பெயராக அது உறைந்துவிட்டது. மாடர்ன் டான்ஸில் இருக்கும் 'மாடர்ன்' அப்படி உறைந்த சொல். கன்டெம்பரரியில் இருக்கும் 'சமகாலம்' உறையவில்லை. காலம் நகர நகர அதுவும் கூடவே நகர்கிறது.

மாடர்ன் டான்ஸ் உதறிய யாப்பு, ஐரோப்பாவின் மரபு நடனமான பாலே. பாலேவில் உடல் எப்போதும் மேல்நோக்கியே ஆசைப்படும். விரல்நுனியில் நிற்பதற்கான காலணி, நிமிர்ந்த முதுகு, எடையே இல்லாததுபோல ஒரு தாவல். இசடோரா டங்கன் 1900 வாக்கில் ஐரோப்பிய மேடைகளில் காலணியையும் இறுக்கமான உள்ளாடையையும் கழற்றிப் போட்டுவிட்டு, தளர்ந்த கிரேக்க அங்கி போன்ற ஓர் உடையில் ஷோப்பானின் இசைக்கு ஆடினார். அசைவு கால்களில் பிறப்பதில்லை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருந்து பிறக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. அவருக்குச் சற்று முன்பே லோயி ஃபுல்லர் பட்டுத் துணியையும் மின்விளக்கையும் வைத்துக்கொண்டு உடலையே ஓர் அலையாக மாற்றிக் காட்டியிருந்தார். 1915இல் ரூத் செயின்ட் டெனிஸும் டெட் ஷானும் லாஸ் ஏஞ்சலிஸில் டெனிஷான் பள்ளியைத் தொடங்கினார்கள். மார்த்தா கிரகாம், டோரிஸ் ஹம்ஃப்ரி, சார்லஸ் வைட்மன் ஆகிய மூவரும் அங்கிருந்து வந்தவர்கள்தான். மூவரும் அந்தப் பள்ளியின் அலங்காரத்தை வெறுத்துத்தான் வெளியே வந்தார்கள். முந்தைய தலைமுறையை உதறிவிட்டுப் புறப்படுவது இந்தக் கலையின் பரம்பரைக் குணமாகவே ஆகிவிட்டது.

வரலாற்றை நிறுத்திக்கொள்கிறேன். மார்த்தா கிரகாம் என்ன கண்டுபிடித்தார் என்பதை உங்கள் உடலிலேயே பார்த்துவிடலாம்.

தரையில் உட்காருங்கள். இரண்டு உள்ளங்கால்களும் ஒன்றையொன்று தொடட்டும், முழங்கால்கள் இரு பக்கமும் விரிந்திருக்கட்டும். முதுகு நேராக இருக்கட்டும். இப்போது மூச்சை வெளியே விடுங்கள். விடும்போதே அடிவயிறு உள்ளே போகும், இடுப்பெலும்பு பின்பக்கம் சாயும். அந்தச் சாய்விலிருந்து முதுகெலும்பு கீழிருந்து மேலாகக் கணுக்கணுவாக வளையும். பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது பிறை மாதிரி இருக்க வேண்டும். ஆனால் தோள்கள் இடுப்புக்கு நேர்மேலேயே நிற்க வேண்டும், முன்னால் சரிந்துவிடக் கூடாது. இதுதான் கன்ட்ராக்‌ஷன். அடுத்த மூச்சை உள்ளே இழுக்கும்போது அதே கணுக்கள் கீழிருந்து ஒவ்வொன்றாக நிமிர்ந்து, முதுகு மறுபடி நீள்கிறது. அது ரிலீஸ். விம்மி அழும்போதும், அடிவயிற்றிலிருந்து இருமும்போதும், சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கும்போதும் உடல் தானாகச் செய்வது இதைத்தான். கிரகாம் அதைப் பிடித்து வைத்து, பெரிதாக்கி, ஒரு முழு மொழியாக்கினார்.

1930இல் அவர் ஆடிய 'லாமென்டேஷன்' என்ற தனி நடனத்தில் இதன் வீரியம் முழுக்கத் தெரியும். ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நீண்டு கொடுக்கும் துணியால் ஆன குழாய் போன்ற உடை, முகமும் கைகளும் பாதங்களும் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடியிருக்கிறது. நடனம் முழுக்க ஏறக்குறைய அந்தப் பெஞ்சிலேயே நடக்கிறது. உள்ளே உடல் முறுக, துணி இழுபட்டுக் கோடுகளாக விறைக்கிறது. துக்கப்படும் பெண் ஒருத்தியை நாம் பார்ப்பதில்லை, துக்கம் எந்த வடிவத்தில் இருக்கும் என்பதையே பார்க்கிறோம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்தத் துணி இழுபடும் இடத்தில் தொண்டை அடைக்கும்.

ஹம்ஃப்ரி வேறு திசையில் போனார். நிற்பதற்கும் விழுவதற்கும் நடுவில் இருக்கும் அந்த ஆபத்தான வெளிதான் நடனம் என்றார். விழுதல், மீளுதல், இவ்வளவுதான் அவருடைய கோட்பாடு. ஓர் அடி எடுத்து வைப்பதே விழத் தொடங்கி அடுத்த காலால் பிடித்துக்கொள்வதுதானே? அவருடைய மாணவர் ஹோசே லிமோனின் பெயரில் இன்று அந்த முறை உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. ஜெர்மனியில் மேரி விக்மன் முகமூடி அணிந்து தரையில் உட்கார்ந்தபடியே ஆடிய 'சூனியக்காரி நடனம்' இதே அலையின் இன்னொரு கரை. அதன் ஒரு சிறு பகுதி படமாகப் பதிவாகி இன்றும் காணக் கிடைக்கிறது.

இவர்களுக்குள் சண்டை உண்டு. இருந்தாலும் எல்லோருக்கும் பொதுவான சில விஷயங்கள் இருக்கின்றன. அகத்தில் இருப்பதைப் புறத்தில் கொண்டுவரத்தான் நடனம் என்று நம்பினார்கள். புராணம், துயரம், மண், மக்கள் என்று நடனம் எதையாவது 'பற்றி' இருந்தது. ஒரு மேதை, அவருடைய குழு, அவருடைய பயிற்சி முறை, அவருடைய படைப்புகள் எல்லாம் ஒரே குடும்பமாக இருந்தன. குழுவில் இருப்பவர்கள் அந்த மேதையின் அசைவைத் தங்கள் உடலில் எழுதிக்கொள்ள வேண்டும். அப்புறம் எடை. பாலே மறைத்த எடையை மாடர்ன் டான்ஸ் ஒளிக்காமல் காட்டியது. தரை அதற்கு எதிரி இல்லை, எதிர்த்து உந்துவதற்கான ஒரு துணை.

இந்த வீட்டுக்குள்ளிருந்தே கதவைத் திறந்தவர் மெர்ஸ் கன்னிங்ஹாம். 1939 முதல் 1945 வரை கிரகாம் குழுவில் ஆடியவர். 1944இல் வந்த 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்'கில் மதபோதகராக ஆடியது அவர்தான். பிறகு தனியே வந்து, 1953இல் தன் குழுவைத் தொடங்கி, தன் ஆசிரியை கட்டிய எல்லா முடிச்சுகளையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அசைவு எதையும் 'சொல்ல' வேண்டியதில்லை, அசைவு அசைவாக இருந்தால் போதும் என்றார். இசையமைப்பாளர் ஜான் கேஜும் அவரும் தனித்தனியே வேலை செய்வார்கள். பல படைப்புகளில் நடனக் கலைஞர்கள் இசையை முதன்முதலாகக் கேட்பதே அரங்கேற்றத்தன்றுதான். எந்த அசைவுக்குப் பின் எது, யார் எந்தப் பக்கம் போவது என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்தார். மேடையின் நடுப்பகுதிதான் முக்கியம் என்ற எண்ணமும் போனது, எந்த மூலையும் நடுவே. இவரை மாடர்னில் சேர்ப்பதா, கன்டெம்பரரியில் சேர்ப்பதா என்று கேட்டால் என் பதில்: கால் ஒரு பக்கம், தலை மறுபக்கம். தன் பெயரில் கண்டிப்பான ஒரு பயிற்சி முறையை வைத்திருந்ததில் அவர் மாடர்ன். நடனம் எதைப் பற்றியும் இருக்க வேண்டியதில்லை என்றதில் அவர் அடுத்த காலத்தவர்.

அவர் திறந்த கதவு வழியாக இளையவர்கள் ஓடினார்கள். 1962 ஜூலையில் நியூயார்க்கின் ஜட்சன் நினைவு தேவாலயத்தில் ஒரு கூட்டம் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. ராபர்ட் டன் நடத்திய பட்டறையில் பயின்றவர்கள். இவான் ரெய்னர், ஸ்டீவ் பாக்ஸ்டன், டிரிஷா பிரவுன் எல்லோரும் அந்தக் கூட்டம்தான். பயிற்சி பெற்ற உடல்தான் ஆட வேண்டுமா, நடப்பது நடனம் ஆகாதா, நாற்காலியில் உட்காருவது ஆகாதா என்று கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை, செய்தும் காட்டினார்கள். 1967இல் பாக்ஸ்டன் அமைத்த ஒரு படைப்பில் பெருங்கூட்டம் ஒன்று மேடையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நடக்கிறது. சிலர் நடுவில் நிற்கிறார்கள், சிலர் நாற்காலியில் சற்று உட்கார்கிறார்கள். அவ்வளவுதான். ரெய்னர் 1966இல் அமைத்த 'ட்ரியோ ஏ' சில நிமிடங்களே ஓடும் படைப்பு. அதில் எந்த அசைவும் அழுத்தம் பெறுவதில்லை, உச்சம் கிடையாது, ஆடுகிறவரின் பார்வை ஒருபோதும் பார்வையாளரைச் சந்திப்பதில்லை. மேதையின் அகம், அதை வெளிக்கொட்டும் உடல் என்ற கிரகாம் காலத்து நம்பிக்கை இங்கே முடிந்தது. வரலாற்றாசிரியர்கள் இவர்களைப் பின்நவீன நடனம் என்று தனியே வைப்பார்கள். நடைமுறையில் இன்று கன்டெம்பரரி என்று நாம் சொல்வதன் வேர் பெருமளவு இங்கேதான் இருக்கிறது.

1972இல் பாக்ஸ்டன் ஓபர்லின் கல்லூரியில் மாணவர்களோடு 'மக்னீஷியம்' என்ற ஒன்றைச் செய்தார். மல்யுத்தப் பாய் விரித்து, அதில் இளைஞர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி, விழுந்து, உருண்டு எழுகிறார்கள். முடிவில் எல்லோரும் சில நிமிடங்கள் அசையாமல் நிற்கிறார்கள். நிற்கும் உடலுக்குள்ளும் விழாமல் இருப்பதற்கான சின்னச்சின்ன அசைவுகள் ஓயாமல் நடக்கின்றன அல்லவா, அதையும் நடனமாகவே பார்த்தார். இதிலிருந்து பிறந்ததுதான் கான்டாக்ட் இம்ப்ரவைசேஷன். இரண்டு உடல்கள் தொட்டுக்கொள்ளும் ஒரு புள்ளி வழியாக எடையைக் கொடுத்து வாங்கி ஆடுவது. யார் தூக்குகிறார், யார் தூக்கப்படுகிறார் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவதில்லை.

என் உடலுக்கு இந்த வேறுபாடு புரிந்த நாள் ஒன்று உண்டு. பல வருடம் கிரகாம் முறை படித்துவிட்டு முதன்முதலாக ரிலீஸ் டெக்னிக் வகுப்புக்குப் போனேன். சொல் ஒன்றுதானே, தெரிந்ததுதானே என்ற தைரியம். எல்லோரையும் தரையில் மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். ஆசிரியை என் தலைமாட்டில் அமர்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் என் தலைக்கு அடியில் நுழைத்து, "தலையை என்னிடம் கொடுங்கள்" என்றார். கொடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் கைகளை மெல்லக் கீழே இறக்கினார். என் தலை அந்தரத்திலேயே நின்றது. நான் பிடித்துக்கொண்டிருந்தேன், அது எனக்கே தெரியவில்லை. ஒரு மனிதத் தலை ஏறத்தாழ ஐந்து கிலோ. அந்த ஐந்து கிலோவை இன்னொருவர் கையில் உண்மையாகவே விட எனக்கு அந்த வகுப்பு முழுவதும் பிடித்தது. விட்ட கணத்தில் கழுத்திலிருந்து முதுகு வழியாக ஏதோ ஒன்று அவிழ்ந்து இடுப்பு வரை போனது, கண்ணில் நீர் வந்துவிட்டது.

கவனியுங்கள், 'ரிலீஸ்' என்ற ஒரே சொல். கிரகாமின் ரிலீஸ் ஒரு செயல். முதுகை நீட்டி, உடலை விரித்து, அடுத்த கன்ட்ராக்‌ஷனுக்குத் தயாராவது. அங்கே தசை தூங்குவதே இல்லை. பிந்தைய காலத்து ரிலீஸ் டெக்னிக்கில் அதே சொல், வேண்டாத இறுக்கத்தை விடுவது என்று பொருள்படுகிறது. எலும்பு எலும்பின்மேல் தானாக நிற்கட்டும், விழ வேண்டிய இடத்தில் எடை விழட்டும், அந்த விழுதலின் வேகமே அடுத்த அசைவுக்கு எரிபொருளாகட்டும் என்று விட்டுவிடுவது. முதலாவதில் உடல் எடையோடு போராடி அர்த்தம் உண்டாக்குகிறது. இரண்டாவதில் உடல் எடையை நம்பிப் போகிறது. இரண்டு காலங்களுக்கும் உள்ள தூரத்தை எனக்கு இந்த ஒரு சொல் காட்டிய அளவுக்கு எந்த வரலாற்று வகுப்பும் காட்டவில்லை.

இதற்காக கன்டெம்பரரி என்றாலே தளர்வாக ஆடுவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரிலீஸ் அதன் ஒரு கிளை மட்டுமே. வில்லியம் ஃபோர்சைத் 1984இல் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் பாலே குழுவின் பொறுப்பை ஏற்று, பாலேவின் கோடுகளையே உடைத்து, சாய்த்து, வேகமாக்கினார். பாலே இங்கே எதிரி இல்லை, கருவி. இஸ்ரேலின் பட்ஷேவா குழுவில் ஓஹாத் நஹாரின் வளர்த்த காகா முறையில் கண்ணாடிக்கு இடமில்லை. உங்கள் வடிவத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று கேளுங்கள் என்பது அதன் சாரம். லண்டனில் பிறந்த அக்ரம் கான் கதக்கின் சுழற்சியையும் காலடித் தாளத்தையும் கன்டெம்பரரிக்குள் கொண்டுவந்தார். தைவானில் 1973இல் கிளவுட் கேட் குழுவைத் தொடங்கிய லின் ஹ்வாய்-மின், தாய்ச்சி என்ற சீன மெல்லசைவுப் பயிற்சியையும் தற்காப்புக் கலையையும் தன் கலைஞர்களின் அன்றாடப் பயிற்சியாக்கினார். சந்திரலேகா 1985இல் அமைத்த 'அங்கிகா'வில் பரதமும் களரியும் யோகமும் ஒரே முதுகெலும்பில் கூடுகின்றன. இவர்கள் யாரும் இன்னொருவர் மாதிரி ஆடுவதில்லை. ஆனாலும் எல்லோரும் கன்டெம்பரரிதான். ஏனென்றால் எந்த அசைவும் இங்கே தானாகச் சரியாகிவிடுவதில்லை. ஒவ்வொரு படைப்பும் தனக்கு எப்படிப்பட்ட உடல் வேண்டும் என்று முதலிலிருந்து கேட்டுக்கொள்கிறது.

நான் மிக அதிகமாக நேசிக்கும் ஜெர்மன் நடன அமைப்பாளர் பீனா பாவ்ஷைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் எசன் நகரில் கர்ட் யூஸிடம் படித்தவர். யூஸ் ஜெர்மன் மாடர்ன் நடனத்தின் நேர் வாரிசு. அப்படியானால் அந்தக் கோடு அறுபடவே இல்லை, மாடர்னிலிருந்து நேராகக் கன்டெம்பரரிக்குள் வந்திருக்கிறது. 1975இல் அவர் அமைத்த 'வசந்தத்தின் சடங்கு' நடனத்துக்கு மேடை முழுக்க மண் கொட்டப்பட்டிருக்கும். ஆட ஆட அந்த மண் வியர்வையில் ஒட்டுகிறது, உடையில் ஏறுகிறது, மூச்சுவாங்குவது காதில் கேட்கிறது. முடிவில் யாரும் களைப்பை நடிக்க வேண்டியிருப்பதில்லை, களைத்தே போயிருப்பார்கள். பிற்பாடு, 1970களின் இறுதியிலிருந்து, அவர் அசைவைக் கற்றுக்கொடுப்பதைவிடத் தன் கலைஞர்களிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். அவர்கள் சொல்லாலோ செயலாலோ அசைவாலோ பதில் தருவார்கள், அதிலிருந்து படைப்பு உருவாகும். மாடர்னில் அசைவு மேதையிடமிருந்து குழுவுக்குப் போனது. இங்கே அது குழுவிடமிருந்து வருகிறது. இன்றைய கன்டெம்பரரி குழுக்கள் பலவற்றில் ஒத்திகை என்றாலே இம்ப்ரவைசேஷன்தான், அதாவது முன்கூட்டி அமைக்காமல் அந்தக் கணத்தில் தோன்றுவதை ஆடுவது. நடன அமைப்பாளர் ஒரு வேலையைக் கொடுப்பார், ஆடுகிறவர்கள் பொருளைக் கொண்டுவருவார்கள், அவர் தேர்ந்து கோப்பார்.

பெயர்க் குழப்பத்துக்குத் திரும்ப வருகிறேன், உங்களை அலைக்கழிப்பது அதுதான். 1960களில் ராபின் ஹோவர்ட் என்பவர் லண்டனில் கிரகாம் முறையைக் கொண்டுவந்து பள்ளியும் குழுவும் தொடங்கியபோது, அதற்கு வைத்த பெயர் கன்டெம்பரரி டான்ஸ். கற்பித்தது அமெரிக்காவில் மாடர்ன் என்று அழைக்கப்பட்ட அதே கிரகாம் முறை! அதனால் பிரிட்டிஷ் பழக்கத்தில் வளர்ந்த ஆசிரியர்கள் இரண்டையும் ஒன்றாகப் பேசுவது தவறில்லை, அவர்கள் கற்ற பெயர் அது. இன்னொரு பக்கம், தொலைக்காட்சிப் போட்டிகளில் சோகப் பாட்டுக்குக் காலைத் தலைக்கு மேல் தூக்கி, சுழன்று, முழங்காலில் விழுவதையும் கன்டெம்பரரி என்கிறார்கள். பாலேவும் ஜாஸும் கலந்த அந்த வகைக்கு லிரிக்கல் என்று தனிப் பெயர் உண்டு. திறமை குறைந்தது என்று சொல்லவில்லை, மிகக் கடினமான வேலை அது. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு கன்டெம்பரரி என்றால் இதுதான் என்று முடிவுகட்டினால், மண் ஒட்டிய அந்த உடல்களும் சும்மா நடந்துபோன அந்த மனிதர்களும் உங்கள் கண்ணில் படாமலேயே போய்விடுவார்கள்.

ஆக, மேடையில் ஒன்றைப் பார்க்கும்போது காலணியையும் தரையையும் பார்த்துப் பிரிக்க முயலாதீர்கள், அதில் பிடி கிடைக்காது. ஆடுகிறவர் கீழே விழும் விதத்தைப் பாருங்கள். விழும்போதும் நடு உடல் இறுகி, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு வடிவம் இருக்கிறது, விழுந்தது ஒரு பாத்திரம் அல்லது ஓர் உணர்ச்சி என்று தோன்றினால் பெரும்பாலும் மாடர்னின் வாரிசு. எடை ஒழுகி, உருண்டு, நின்றது எப்போது விழுந்தது எப்போது என்று பிரிக்க முடியாமல் அடுத்த அசைவுக்குள் போய்விட்டால் பிந்தையது. நூற்றுக்கு நூறு சரியாக வராது, கலப்பு நிறைய உண்டு. இருந்தாலும் கண் பழகும்.

சரி, எதில் சேர்வது? நடனப் பயிற்சியே இல்லாதவர் என்றால், வாய்ப்பிருந்தால் கிரகாம், லிமோன், கன்னிங்ஹாம், அல்லது இன்னொரு மாடர்ன் முன்னோடியான லெஸ்டர் ஹார்ட்டன் என்று பெயர் உள்ள ஒரு முறையில் குறைந்தது ஓராண்டு இருங்கள் என்றே சொல்வேன். அவை பழையவை என்று தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நடு உடலிலிருந்து அசைவது என்றால் என்ன என்பதை அவை அளவுக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பை நான் பார்த்ததில்லை. ஏற்கெனவே பரதமோ பாலேவோ பல வருடம் படித்து, உடல் பிடிப்பிலேயே பழகியவர் என்றால் நேராக ரிலீஸ், கான்டாக்ட் பக்கம் போங்கள். உங்களுக்குத் தேவை விடக் கற்றுக்கொள்வது.

பலகையில் வெறுமனே கன்டெம்பரரி என்று எழுதியிருந்தால் சேர்வதற்கு முன் ஆசிரியரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். நீங்கள் யாரிடம், எந்த முறையில் படித்தீர்கள்? வகுப்பில் இம்ப்ரவைசேஷன் உண்டா, அல்லது நீங்கள் அமைத்ததை நாங்கள் ஆட வேண்டுமா? நல்ல ஆசிரியர் இரண்டுக்கும் மகிழ்ச்சியாகவே பதில் சொல்வார். முதல் நாளே தரையில் உருள வைத்தால் முழங்காலுக்கு உறை போட்டுக்கொண்டு போங்கள், முழுக்கை மேல்சட்டை இருந்தால் தோள் தோல் உரியாது. யாராவது உங்கள் தலையைக் கையில் கேட்டால் அவசரப்படாதீர்கள், வகுப்பு முழுவதும் ஆனாலும் பரவாயில்லை.